நண்பன் அழைக்கும் கொரியச் சாப்பாடு

கேள்வி: எனக்கு 29 வயது. பரந்தனில் வசிக்கிறேன். என் சிறு வயது நண்பன் கொரியாவில் 4 வருடமும் 10 மாதமும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பியிருக்கிறான். 2009இல் செட்டிகுளம் முகாமில் ஒரு சோற்றுப் பொதியை இருவரும் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறோம். வந்ததிலிருந்து அவன் அதிகம் பேசுவதில்லை. இப்போது கொழும்பிலுள்ள கொரிய உணவகம் ஒன்றுக்கு என்னைக் கூட்டிச்செல்ல விரும்புகிறான். நான் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி உண்பதில்லை, வெள்ளிக்கிழமை சைவம். குச்சியால் சாப்பிடவும் தெரியாது. செலவு முழுவதையும் அவனே ஏற்பதாகச் சொல்வது கூச்சமாக இருக்கிறது. ஏதாவது சாட்டுச் சொல்லித் தவிர்த்துவிடலாமா?

பதில்: தம்பி, சாட்டுச் சொல்ல வேண்டாம், போய் வாருங்கள். உணவைப் பற்றி நீங்கள் எழுதிய கவலைகள் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது "வந்ததிலிருந்து அவன் அதிகம் பேசுவதில்லை" என்ற ஒரு வரிதான். கொரியாவின் வேலை அனுமதி முறை 2004இல் தொடங்கிய காலத்திலிருந்து, கொரிய மொழிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து நம் நாட்டு இளைஞர்கள் அங்கே போய்வருகிறார்கள். போனவர்களின் வீடு எழும்புகிறது, கடன் அடைகிறது. ஆனால் அந்த வருடங்களை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்று இங்கே கேட்பவர்கள் குறைவு. எவ்வளவு உழைத்தாய் என்று கேட்பார்கள், என்ன சாப்பிட்டாய் என்று தாயைத் தவிர வேறு யாரும் கேட்பதில்லை. உங்கள் நண்பர் அதைச் சொல்வதற்குத் தானாகவே ஓர் இடத்தைத் தேடி, கூட இருக்க உங்களைத் தெரிந்தெடுத்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

முதலில், நீங்கள் உண்ணாதவற்றை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். இதை என் அனுபவத்திலிருந்து அழுத்திச் சொல்கிறேன். முதன்முதலில் ஒரு தோழி என்னைக் கொரிய உணவகத்துக்கு அழைத்துச் சென்றபோது, மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதைக் கூச்சத்தில் மறைத்துவிட்டேன். வற்றாளங்கிழங்கு மாவில் செய்த கண்ணாடி போன்ற நூடுல்ஸ் வந்தது. அதற்குள் இருந்த இறைச்சிக் கீற்றுகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். அவள் அதைப் பார்த்தாள். அதன் பிறகு அந்த மேசையில் பேச்சே எழவில்லை. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவள் மனம் நோகாமல் வேறு ஒன்றை எடுத்திருப்பாள்.

புல்கோகி பெரும்பாலும் மாட்டிறைச்சி. சம்கியொப்சல் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சி. இவ்விரண்டையும் தவிர்த்தாலும் மேசை வெறுமையாகாது. கடலுணவு சேர்த்துச் சுட்ட வெங்காயத்தாள் அடை உண்டு, பொரித்த மீன் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். கிம்சியைப் பார்த்தால் வெறும் கோவா ஊறுகாய் போலத்தான் தெரியும்; ஆனால் வழக்கமாக அதில் மீன் சாறோ உப்பிட்ட கூனி இறாலோ சேர்ப்பார்கள். மரக்கறிச் சூப்பின் அடியிலும் காய்ந்த நெத்தலி கொதித்திருக்கும். நெத்தலிக் கருவாட்டின் மணத்தோடு வளர்ந்த நமக்கு, மற்ற நாட்களில் அது அந்நியமான ருசியாக இருக்காது.

என்னைக் கேட்டால், அங்கே கிடைக்குமானால் தக்கல்பி என்ற கோழி உணவை எடுக்கச் சொல்வேன். கொரியாவின் சுன்சொன் நகரம் இதற்குப் பெயர்போனது. மிளகாய்க் கூழில் ஊறிய கோழித் துண்டுகளையும் கோவாவையும் வற்றாளங்கிழங்கையும் பெரிய தட்டையான இரும்புச் சட்டியில் போட்டு, உங்கள் முன்னால், மேசையிலேயே பிரட்டுவார்கள். பெரிய துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டுவதைக் கண்டு திகைக்க வேண்டாம், அது அங்கே சமையலறைக் கருவி. சலாது இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, கோழித் துண்டு ஒன்றும் உள்ளிப் பல் ஒன்றும் வைத்து, வெற்றிலை மடிப்பதுபோல் மடித்து ஒரே வாயில் போட வேண்டும்; பாதி கடித்தால் எல்லாம் மடியில் கொட்டிவிடும். கோழி முடிந்த பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம் வரும். மிஞ்சிய குழம்போடு அதே சட்டியில் சோற்றைக் கொட்டிப் பிரட்டி, சற்றே அடிப்பிடிக்க விட்டு, அந்தக் காந்தலைச் சுரண்டிச் சுரண்டி உண்பார்கள். இறைச்சிக் கறி முடிந்த சட்டியில் சோறு போட்டுப் பிரட்டி, அடுப்படியில் இருந்தபடியே அம்மா உருட்டித் தந்த கவளம் உங்களுக்கு நினைவு வரும். உங்கள் நண்பருக்கும் அங்கே எத்தனையோ தடவை அது நினைவு வந்திருக்கும்.

குச்சியைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? கொரியர்கள் சோற்றையும் சூப்பையும் நீண்ட கரண்டியால்தான் உண்கிறார்கள். இலை மடிப்பது கையால். சோற்றில் குச்சியை நட்டு நிறுத்துவது மட்டும் கூடாது, அது அவர்களுக்கு இறந்தவர்க்குப் படைக்கும் சோற்றை நினைவூட்டும். மூத்தவர் தொடங்கிய பின்பே மற்றவர்கள் உண்பதும், ஒன்றை நீட்டும்போது இரு கையாலும் நீட்டுவதும் அவர்களது மரியாதை. இதையெல்லாம் உங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சிறு சிறு கிண்ணங்களில் வரும் பக்கக் கறிகளைக் கொரியாவில் காசில்லாமல் மீண்டும் நிரப்புவார்கள். கொழும்பிலும் அப்படியா என்று நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். மது குடிக்க விருப்பமில்லை என்றால் வாற்கோதுமைத் தேநீர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாப்பிடும்போது அவரிடம் கிம்சியைப் பற்றிக் கேளுங்கள். குளிர்காலத்துக்கு முன் குடும்பத்தவரும் அயலவரும் கூடியிருந்து கிம்சி போடும் வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். தென்கொரியாவின் அந்த வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவருடைய தொழிற்சாலையில் சமைத்தது யார், முதல் குளிர்காலத்தில் எது தொண்டைக்குள் இறங்கியது, எதை உண்ண முடியாமல் வைத்தார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் யோசிக்கும் நேரத்தை உங்கள் பேச்சால் நிரப்பாமல் இருங்கள்.

செலவை அவரே கொடுக்கட்டும். அழைத்தவர் முழுவதையும் கொடுப்பதும், அடுத்த கடையில் மற்றவர் கொடுப்பதும் அந்த நாட்டில் சாதாரணம். முகாமில் பொதியைப் பிரித்த நாளில் நீங்கள் இருவரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டீர்கள். வெளியே வந்ததும் தேநீரை நீங்கள் வாங்குங்கள். ஊர் திரும்பிய பின், வெள்ளி அல்லாத ஒரு நாளில், இரணைமடுக் குளத்து மீன் வாங்கிப் புளி விட்டுக் குழம்பு வைத்து அவரை வீட்டுக்கு அழையுங்கள். சட்டியில் சோறு பிரட்டும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.