தலைவலிக்குக் காரணம் தயிரா, தள்ளிப்போன காலைச் சாப்பாடா?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. பல வருடமாக ஒற்றைத் தலைவலி. முன்பு மாதத்துக்கு மூன்று நாள் வந்தது, இந்த ஒரு வருடமாக வாரத்துக்கு நான்கு நாள் வருகிறது. வாந்தி எடுத்தால்தான் விடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். காலையில் காபி மட்டும். 11 மணி டீ நேரத்தில் பன் அல்லது வடை. சனிக்கிழமை ஒருபொழுது. ஞாயிற்றுக்கிழமை வலி தவறாமல் வரும். மூன்று மாத சர்க்கரை சராசரி 6.0 இருக்கிறது என்று மெட்ஃபார்மின் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த டயட் ஆலோசகர், 200 உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, ஒத்துக்கொள்ளாததை விலக்கி, மூன்று மாதம் மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் கீட்டோ உணவும் பவுடரும் தருவதாகச் சொல்கிறார். மொத்தம் 24,000 ரூபாய். தயிர், தக்காளி, வாழைப்பழம், சாக்லேட் எல்லாவற்றையும் ஏற்கெனவே நிறுத்திவிட்டேன், வலி குறையவில்லை. பணம் கட்டலாமா? எதைத்தான் சாப்பிடுவது?

பதில்: கட்டாதீர்கள்.

முதலில் அந்த 200 உணவுப் பரிசோதனை. அதில் அளப்பது ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதம். நீங்கள் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு அது உடம்பில் இருக்கத்தான் செய்யும். அந்த உணவு உடம்புக்குப் பழகியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்கள் சங்கம் 2008-லேயே, உணவு ஒத்துக்கொள்ளாததைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனை உதவாது என்று எழுதிவைத்துவிட்டது. நீங்கள் தினமும் அரிசியும் பாலும் சாப்பிட்டால் ரிப்போர்ட்டில் அரிசியும் பாலும் சிவப்பில் வரும். அதைப் பார்த்து நீங்கள் பயப்படுவீர்கள், அரிசிக்குப் பதில் பவுடர் விற்பார்கள். ரத்தம் எடுக்க வீட்டுக்கு வருபவருக்கும், உங்களுக்கு வழிகாட்டிய அந்தத் 'தெரிந்தவருக்கும்' இதில் கமிஷன் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். டயட் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்ட இங்கே யாரும் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை.

நீங்கள் விலக்கிய பட்டியலுக்கு வருகிறேன். பழைய சீஸ் போன்றவற்றில் இருக்கும் டைரமின் என்னும் பொருள் தலைவலியைக் கிளப்பும் என்ற பேச்சு 1967-லிருந்து இருக்கிறது. சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சாக்லேட் விஷயம் பெரும்பாலும் தலைகீழ். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சில சமயம் முதல் நாளே, மூளையில் தாக்குதல் ஆரம்பித்துவிடும். கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், இனிப்பு வேண்டும் என்ற வெறி எல்லாம் அதன் அடையாளங்கள். அந்த வெறியில் சாக்லேட் சாப்பிடுகிறோம், பிறகு வலி வருகிறது, பழி சாக்லேட் மேல் விழுகிறது. வாந்தியும் அப்படித்தான். வாந்தி எடுத்ததும் வலி விடுவதால் 'பித்தம்', 'கேஸ்' என்று வயிற்றைக் குற்றம் சொல்கிறோம். மைக்ரேன், அதாவது இந்த ஒற்றைத் தலைவலி, வந்தால் இரைப்பை மந்தமாகிவிடும். வயிறு அதனால் கெடுகிறதே தவிர, வயிற்றிலிருந்து தலைக்கு எதுவும் ஏறுவதில்லை. வலி முற்றியபின் விழுங்கும் மாத்திரை வேலை செய்யாததற்கும் காரணம் இதுவே, அது இரைப்பையிலேயே கிடக்கிறது. அசிடிட்டி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதால் தலைவலி குறையாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது உணவு அல்ல, நேரம். சனிக்கிழமை ஒருபொழுது. ஞாயிறு காலை தாமதமாக எழுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், கடைசிச் சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் இடையே பதினைந்து, பதினாறு மணி நேரம் போய்விடும். அதோடு வழக்கமான நேரத்துக்குக் காபியும் கிடைக்கவில்லை. தூக்கத்தின் நேரமும் மாறிவிட்டது. மூன்றும் ஒரே காலையில் வந்து நிற்கின்றன. தலைவலி வகைப்பாட்டு நூலில் பட்டினித் தலைவலிக்கு என்றே தனி இடம் உண்டு, அதற்கு வைத்திருக்கும் கணக்கு எட்டு மணி நேரம். மைக்ரேன் உள்ளவர்களுக்கு அது இன்னும் எளிதாக வரும். வார நாட்களிலும் இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு, மறுநாள் 11 மணிக்குத்தான் பன் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதுவும் பதினான்கரை மணி நேரப் பட்டினி. நடுவில் குடித்த காபி சாப்பாட்டுக் கணக்கில் சேராது. வலியின்போது குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 90 என்று காட்டக்கூடும். அதை வைத்துப் பசிக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை தாழாமலே பட்டினித் தலைவலி வரும்.

இரண்டாவது, மாத்திரை. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் தலைவலி பதினாறு நாளாக வளர்ந்ததற்குத் தயிர் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. மருந்துக் கடையில் ஒற்றைத் தலைவலி என்று சொன்னதும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் எர்காட்டமைன், காபின், பாராசிட்டமால், புரோகுளோர்பெரசின் நான்கும் கலந்த மாத்திரை. அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். இப்படிக் கலந்த மாத்திரைகளையும் எர்காட்டமைனையும் மாதத்தில் பத்து நாளும் அதற்கு மேலும் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். தனிப் பாராசிட்டமால், ஐபுபுரோஃபன் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பதினைந்து நாள். எத்தனை மாத்திரை என்பது இங்கே முக்கியமில்லை, எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. ரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் எர்காட்டமைனைத் தொடவே கூடாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்த்தால் கை கால் ரத்தக் குழாய்கள் இறுகி விரல் கறுத்துப்போகும் அளவுக்குப் போகலாம். மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. அட்டையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும், ஆனாலும் பத்து மாத்திரை கேட்டால் பத்தும் கிடைக்கும். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் அளவுக்குத் தமிழ்நாடு வளர்ந்துவிட்டது. மாதம் எத்தனை நாள் தலைவலி மாத்திரை போடுகிறாய் என்று ஒரு பெண்ணிடம் கேட்கத்தான் ஆளில்லை. இரண்டு நிமிட ஓ.பி.யில் அந்தக் கேள்விக்கு நேரம் இருக்காது.

இந்த மாத்திரையை நிறுத்தினால் முதல் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை வலி கூடும். 'டயட்டால் கூடிவிட்டது' என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். எனவே தனியாக நிறுத்தாமல், பொது மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்த்து, அந்தப் பத்து நாளுக்கு மாற்று மருந்தும், வலி வராமல் தடுக்கும் தினசரி மருந்தும் கேளுங்கள். தடுப்பு மருந்து எழுதும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது எடையைக் கூட்டுமா?' ஃபுளுனரிசின், அமிட்ரிப்டிலின் இரண்டும் பசியைக் கூட்டும். டோபிராமேட் எடையைக் குறைக்கும், ஆனால் விரல்களில் மரமரப்பும் சிறுநீரகக் கல்லும் வரலாம், கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்கு ஆகாது. புரொப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

இனி சாப்பாடு. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வாயில் ஏதாவது திட உணவு போக வேண்டும், பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. காலையில் வெறும் இட்லி போதாது. இரண்டு இட்லியில் புரதம் நான்கு கிராம் தேறினால் பெரிது. கூடவே இரண்டு முட்டை சேர்த்தால் இன்னும் பன்னிரண்டு கிராம். முட்டை ஆகாதென்றால் ஒரு கப் வேகவைத்த பச்சைப்பயறு, அதில் பதினான்கு கிராம் அளவு. பருப்பு தூக்கலாக அரைத்த அடையும் சரி. சமைக்க நேரமில்லாத அன்று ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும். ஆம், வாழைப்பழத்தைத் திரும்ப ஆரம்பியுங்கள், தயிரையும்தான். 11 மணிக்குப் பன்னுக்குப் பதில் சுண்டலோ பொட்டுக்கடலையோ. மைதா பன்னும் சர்க்கரை போட்ட டீயும் வெறும் வயிற்றில் விழுந்தால் சர்க்கரை குபீரென்று ஏறி, இரண்டு மணி நேரத்தில் சரியும். மதிய டிபன் பாக்ஸில் சோறு ஒரு கப், பொரியல் அதைப் போல இரண்டு பங்கு, பருப்போ மீனோ. மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் மோரும் கொஞ்சம் கடலையும். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடிந்தால், மறுநாள் ஏழு மணிக்குள் காலைச் சாப்பாடு.

மீன் என்றதும் வஞ்சிரத்துக்குப் போக வேண்டாம். மத்தி, அயிலை போதும், வாரம் மூன்று நாள், குழம்பாக. ஒமேகா-3 கொழுப்பைக் கூட்டி, ஒமேகா-6 கொழுப்பைக் குறைத்த உணவை அமெரிக்காவில் மைக்ரேன் உள்ள 182 பேரிடம் 16 வாரம் சோதித்தார்கள், முடிவு 2021-ல் வெளிவந்தது. வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்கு ஏறத்தாழ நான்கு தலைவலி நாட்கள் குறைந்தன. அவ்வளவு கறாராக வீட்டில் செய்ய முடியாது. ஆனால் ஒமேகா-6 நிறைந்த சூரியகாந்தி எண்ணெய் டின்னை நிறுத்தலாம், கடையில் பொரித்ததைக் குறைக்கலாம். கொங்குச் சமையலில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் இருக்கவே இருக்கின்றன. கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்தால் மட்டும் தேங்காய் எண்ணெயில் கை அடங்கட்டும்.

சனிக்கிழமை விரதத்தை விடச் சொல்லவில்லை. பால், மோர், பழம், அவல் எடுத்துக்கொண்டு விரதம் இருக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அப்படி இருங்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாளில் எழும் நேரத்துக்கே எழுந்து காபி குடியுங்கள், தூக்கம் வந்தால் மதியம் தூங்கிக்கொள்ளலாம். காபியைத் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடித்து ஒரு வாரம் வரை நீடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன டம்ளருக்கு மேல் குடிப்பவராக இருந்தால், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால் டம்ளர் வீதம் குறையுங்கள். கலப்பு மாத்திரைக்குள்ளும் காபின் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சத்து மாத்திரைகளில் ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2 தினம் 400 மி.கி., மெக்னீசியம் என்னும் தாது உப்பு 400 மி.கி. இரண்டுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரியும். கடையில் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸில் ரிபோஃபிளேவின் பெரும்பாலும் 10 மி.கி. அளவில்தான் இருக்கும். 'சத்து மாத்திரை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை' என்பதற்குக் காரணம் அதுதான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மெக்னீசியம் வேண்டாம்.

கீட்டோ முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். 1930-லேயே அமெரிக்காவில் மைக்ரேனுக்கு அதை முயன்று பார்த்து எழுதியிருக்கிறார்கள், அண்மையில் இத்தாலியில் செய்த சிறிய ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் முதல் வாரத்தில் உப்பும் நீரும் இறங்கி அதுவே தலைவலியைத் தரும். டோபிராமேட் போடுபவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு கூடும். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பேக்கேஜ் விற்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. உங்களுக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நாளை வேறு மாத்திரை சேர்க்கலாம், அல்லது நீங்கள் சமைக்கும் கீட்டோவை வீட்டுக்காரரும் சாப்பிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று, பெயர் 'கிளிஃப்ளோசின்' என முடிகிற சர்க்கரை நோய் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. அவற்றோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வழக்கமாக அப்போது சர்க்கரை 300, 400 என்று இருக்கும், எல்லோரும் உஷாராவார்கள். இந்த மாத்திரையில் சர்க்கரை 180 என்று சாதுவாக நிற்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, அசதி வரும். மைக்ரேன்காரருக்கு வாந்தி புதிதா என்ன? 'வழக்கமான தலைவலிதான்' என்று இருட்டறையில் படுத்துக்கொள்வார்கள். படுக்கக் கூடாது. இந்த மாத்திரை போடுபவர் வாந்தியோடு மூச்சிரைத்தால், மீட்டர் என்ன காட்டினாலும் அவசரப் பிரிவுக்குப் போய், மாத்திரை அட்டையைக் காட்டி, கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும். பட்டினி விரதத்துக்கும் இதே எச்சரிக்கைதான். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு என்ற மாத்திரை போடுபவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி, பட்டினியில் சர்க்கரை தடாலென்று தாழும்.

எடை குறைய வேண்டும், சந்தேகமில்லை. உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கான பி.எம்.ஐ. உங்களுக்கு 31-ஐ ஒட்டி இருக்கிறது, இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிகம். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் வர வேண்டும். விட்டுவிட்டு வரும் மைக்ரேன் தினசரி வலியாக மாறுவதற்கு உடல் பருமனும் ஒரு காரணம். ஆனால் வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க அவசரப்பட்டால், அந்த அவசரமே பட்டினியாகி வலியைக் கொண்டுவரும். இந்த எடையில் குனியும்போதும் இருமும்போதும் வலி கூடினாலோ, பார்வை சில விநாடி மங்கி மங்கித் திரும்பினாலோ அது வேறு நோயாக இருக்கலாம், கண் மருத்துவரிடம் கண்ணின் பின்புறமுள்ள பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இடிபோல் திடீரென்று வரும் வலி, கை கால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு இவற்றுக்கெல்லாம் நேராக மருத்துவமனை.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் நான்கு வாரம் மாதக் காலண்டரில் ஐந்தே குறிப்பு எழுதுங்கள்: முதல் சாப்பாட்டு நேரம், காபி டீ எத்தனை, வலி தொடங்கிய மணி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம், மாதவிலக்கு. அந்தத் தாளையும் காலி மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அவருக்கு இருக்கும் இரண்டு நிமிடத்தில் முதலில் வட்டங்களை எண்ணச் சொல்லுங்கள்.