ரப்பர் ஏன் இரும்பை விட்டுக் கழல்கிறது? பட்டறைக் கேள்விகளுக்குப் பதில்

ரங்கூனில் ரப்பரையும் இரும்பையும் ஒட்டும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். மழை தொடங்கினாலே கழன்றது, உரிந்தது என்று கேள்விகள் வரும். இந்த முறை பர்மாவின் பல ஊர்களிலிருந்து வந்தவற்றுக்கு, கேட்டவர் ஊரை முன்னால் போட்டு, இங்கே பதில் எழுதுகிறேன்.

மோல்மேன்: ஐயா, லாரி எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும், இரும்புத் தகட்டில் ரப்பர் ஒட்டிய துண்டு) நாங்களே அச்சில் போடுகிறோம். ரப்பர் நம்ம மோன் மாநிலத்துத் தோட்டத்து ரப்பர், நல்ல சரக்கு. இரண்டே மாதத்தில் தகட்டை விட்டு வந்துவிடுகிறது. பசையை மாற்றட்டுமா?

தம்பி, முதலில் கழன்ற தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தகடு முழுக்க ரப்பர் படிந்திருந்தால் கிழிந்தது ரப்பர், ஒட்டு தோற்கவில்லை. வெறும் இரும்பு தெரிந்தால் பிரைமர், அதாவது இரும்பின் மேல் அடிக்கும் முதல் பூச்சு, இரும்பைப் பிடிக்கவே இல்லை. பசை முழுதும் தகட்டிலேயே இருக்க, ரப்பர் மட்டும் வழுவழுவென்று பிரிந்திருந்தால் கோளாறு ரப்பர் பக்கம். பிரைமருக்கு மேல் அடிக்கும் பசைப் பூச்சு மெலிசாக இருக்கலாம். சூடான அச்சில் தகட்டை வைத்துவிட்டு ரப்பர் போடத் தாமதித்தால், ரப்பர் வந்து சேருமுன் பசை வெந்து முதிர்ந்தும் போயிருக்கலாம். இதைப் பார்க்காமல் பசையை மாற்றினால் காசுதான் வீண்.

வெறும் இரும்பு தெரிகிறது என்றால் வரிசையை மாற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய பிறகுதான், தகட்டைச் சொரசொரப்பாக்க, காற்றழுத்தத்தால் மணல் வீச வேண்டும். பிசுக்கோடு வீசினால் எண்ணெய் சொரசொரப்புக்குள்ளேயே அடைபட்டுவிடும். வீசி முடித்ததும் தூசியைப் போக்கி, கையால் தொடாமல், உடனே பிரைமர். ஆடி மழையில் தகட்டை மறுநாள் வரை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத துரு ஏறிவிடும். அந்தத் துருவின் மேல் அடிக்கும் பிரைமர் துருவோடு சேர்ந்தே கழலும். சுத்தம் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பரந்து படிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு. பார்த்த இடத்தைக் காயவைக்க மறக்காதீர்கள்.

தட்டோன்: பித்தளை முலாம் இருந்தால் பசையே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அப்படித்தான் ஒட்டுகிறது. ரப்பர் அச்சுச் சூட்டில் வேகும்போது, அதை இறுக்கக் கலந்திருக்கும் கந்தகம் பித்தளையின் செம்போடு சேர்ந்து செப்பு சல்பைடு படலமாக வளர்கிறது. ரப்பர் அதற்குள் பின்னிக்கொள்கிறது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது. ஆனால் செம்பு ஏறக்குறைய நூற்றுக்கு 65 முதல் 70க்குள் இருக்க வேண்டும். கூடினால் படலம் தடித்து நொறுங்கும். ரப்பரிலும் கந்தகம் தாராளமாக வேண்டும். உங்கள் கலவையை மாற்றாமல் முலாம் மட்டும் போட்டால் பலிக்காது.

சிரியம்: புதுத் துத்தநாகத் தகரக் கூரைக்கு எனாமல் அடித்தோம். அப்பளம் மாதிரி உரிகிறது.

எண்ணெய் சார்ந்த எனாமலில் உள்ள கொழுப்பு அமிலமும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு போன்ற படலம் உண்டாகும். சோப்பின் மேல் பெயின்ட் நிற்குமா? முழுதும் சுரண்டிவிட்டு, துத்தநாகத்துக்கென்றே விற்கும் பிரைமர் அடியுங்கள்.

பெகு: பிளாஸ்டிக் வாளிக்கு இரும்புக் கைப்பிடியை எப்பாக்சிப் பசையில் ஒட்டலாமா?

வேண்டாம். வாளிக்குப் பயன்படும் பாலிப்புரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் மேல் எப்பாக்சி படியாது. போல்ட் போடுங்கள்.

ரங்கூன்: அண்ணே, பசை டப்பாவில் 20 மெகாபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. கையாலேயே உரிக்க வருகிறதே?

அந்த எண் பொய்யில்லை. அது ஒட்டை நீளவாக்கில் இழுப்பதற்கு உள்ள எண்; சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விசை என்று பொருள். 25 மில்லிமீட்டர் அகலத் தகடுகள் இரண்டை 12.5 மில்லிமீட்டர் மேலேற்றி ஒட்டி, நீளவாக்கில் இழுத்தால் 6,250 நியூட்டன் தாங்கும். ஏறக்குறைய 640 கிலோ எடை. மெல்லிய தகட்டின் ஓரத்தைத் தூக்கி உரிக்கும்போது சுமை முழுதும் ஒரே கோட்டில் விழுகிறது; அதனால்தான் கையே போதுகிறது. உரியும்படி ஒட்டை அமைக்காதீர்கள். பெயின்ட் என்றால் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் ஆறாறு கோடு கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற சர்வதேசச் சோதனை முறையில் ஒரு கட்டமும் உதிராவிட்டால் 0, மிக மோசம் என்றால் 5.

மெர்குயி: படகில் அலுமினியத் தகட்டை ஒட்டினால் மட்டும் போதுமா, ரிவெட்டும் (தட்டி இறுக்கும் ஆணி) வேண்டுமா?

இரண்டும் போடுங்கள். உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடுக்குப் பசையைவிடத் தண்ணீர் மேல்தான் பிரியம் அதிகம். தண்ணீர் ஓரமாக நுழைந்து பசையைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். 1988இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் பறக்கும்போதே மேல்கூரை பிய்ந்து, பணிப்பெண் ஒருவர் இறந்தார். கடல் காற்றில் தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், சுமை ரிவெட்டுகள் மேல் ஏறி, அந்தத் துளைகளில் விரிசல் ஓடியிருந்தது. ஆகவே ரிவெட் இருக்கிறதே என்று ஒட்டைக் கவனிக்காமல் விடக் கூடாது. தண்ணீர் நுழையாதபடி ஓரங்களை சீலன்ட் என்ற அடைப்புப் பசையால் அடையுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டு போயிருக்கிறது.