கேள்வி நேரம்: ஏர் கன் பிஸ்டன் எதில் கடைவது?

கேள்வி: ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு 25 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்டீல் சிலிண்டர் வைத்திருக்கிறேன். பிஸ்டனை அலுமினியத்தில் கடையலாமா, நைலானிலா? காற்று கசியாமல் பிஸ்டன் முனையில் மாட்டும் வாஷருக்கு எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம், ஸ்டீலிலேயே கடையுங்கள். பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் விசைக்கொக்கி மாட்டும் வெட்டு அலுமினியத்தில் சீக்கிரமே மழுங்கிவிடும். அப்புறம் விசையை இழுக்காமலே துப்பாக்கி தானாகச் சுட்டுவிடும். எடை குறைந்த பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி எகிறவும் செய்யும். நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும், மழைக்காலத்தில் இறுகிவிடும். ஸ்டீலிலும் அந்த வெட்டை மட்டும் கட்டாயம் கடினப்படுத்துங்கள்.

வீட்டில் செய்ய ஏற்ற வாஷர் தோல்தான். 3 மி.மீ. தடிமனில், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல் வாங்குங்கள். வெட்டிய ஓரம் பழுப்பாக இருக்க வேண்டும். நீலச்சாம்பல் நிறமென்றால் அது குரோம் உப்பில் பதனிட்ட தோல், கிண்ண வடிவில் நிற்காது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கிண்ண வடிவ அச்சில் அழுத்தி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். விளிம்பை 6 மி.மீ. உயரத்துக்குச் சீவி, சிலிகான் எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். கிண்ணத்தின் வாய் காற்று அழுந்தும் பக்கம் பார்த்திருக்கட்டும். அப்போதுதான் அழுத்தம் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும்.

இன்ஜின் ஆயில் மட்டும் கூடவே கூடாது. அழுந்திய காற்றின் சூட்டில் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொண்டு வாஷரையும் ஸ்பிரிங்கையும் கெடுத்துவிடும்.

ஸ்பிரிங் போடுமுன் சிலிண்டர் முனையிலுள்ள காற்றுத் துளையை விரலால் அடைத்து பிஸ்டனைத் தள்ளிப் பாருங்கள். தள்ளிய கையை எடுத்ததும் பின்னால் எகிறினால் வாஷர் சரி; தள்ளும்போதே மெல்ல உள்ளே இறங்கினால் விளிம்பில் கசிவு.