கண்ணதாசனை எவ்வளவு நம்பலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

தேவகோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். கண்ணதாசன் தன் வாழ்க்கையை எழுதிய ‘வனவாசம்’ படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் வீட்டில் கண்ணதாசன் பாட்டு கேட்காத நாளே கிடையாது. ஆனால் மனிதர் கட்சி விட்டுக் கட்சி போயிருக்கிறார். நாத்திகம் பேசிவிட்டு ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதியிருக்கிறார். கூடப் பழகியவர்களையே அப்படிப் போட்டுக் கிழித்திருக்கிறார். அவர் சொல்வதை எவ்வளவு நம்புவது? நம்ம ஊர்க்காரர் என்பதால் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறோமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஊர்ப்பாசம் இருக்கத்தான் செய்கிறது. காரைக்குடியில் அவருடைய மணிமண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவன் நான். அதனாலேயே உங்கள் கேள்வி எனக்கும் உரியது.

1927-ல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தவரைச் சிறு வயதிலேயே 7,000 ரூபாய்க்குப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள், அதாவது தத்து எடுத்தார்கள். போன வீட்டில் அவர் பெயர் நாராயணன். நம் பக்கத்தில் இது புதிதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை கூட்டினார்கள். முகப்பில் பையன் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து மஞ்சநீர் குடித்தான். பெற்றவள் இரண்டாங்கட்டில் தூணோரம் நின்று அவனுடைய பழைய சட்டையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கண்ணதாசன் கட்சி மாறியதற்கு இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. தனக்கு ஒரு விலை இருந்தது என்பதையே மறைக்காதவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

கட்சி விஷயத்துக்கு வருகிறேன். 1953-ல் டால்மியாபுரம் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1957-ல் திருக்கோஷ்டியூரில் நின்று தோற்றார். 1961-ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு.க.வை விட்டு வந்து தமிழ்த் தேசியக் கட்சி. அது 1964-ல் காங்கிரசில் சேர்ந்துவிட்டது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் வெளியே வந்த மறு வருடத் தேர்தலில் தி.மு.க. 50 இடம் பிடித்தது. ஆறாவது வருடம் ஆட்சியையே பிடித்தது. ஆதாயம் பார்க்கிறவன் ஏறுகிற நேரத்தில் இறங்குவானா? காங்கிரஸ் அப்போது ஆளுங்கட்சி என்பதையும், தான் கடுமையாகத் தாக்கிய எம்.ஜி.ஆரின் ஆட்சியில் 1978-ல் அரசவைக் கவிஞர் பதவியை ஏற்றார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். என் கண்ணுக்கு அவர் கோபத்தில் கிளம்புகிற மனிதராகத்தான் தெரிகிறார்.

அந்தக் கோபம்தான் ‘வனவாச’த்தில் சிக்கல். 1959-ல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. ஜெயித்த பிறகு, கூட்டத்தில் அண்ணா கருணாநிதிக்கு மோதிரம் போட்டதை எழுதுகிறாரே, அந்த இடத்தை மறுபடி படியுங்கள். தானும்தானே உழைத்தோம் என்று அவர் நெஞ்சு எரிகிறது. அந்த எரிச்சல் சத்தியம். அந்த மோதிரத்துக்குப் பின்னால் இருந்ததாக அவர் சொல்லும் கதை அவர் ஒருவர் சாட்சியில் நிற்கிறது.

பேரேடு எழுதிய வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் ஐயா சொல்வார்: தன் பேரில் பற்று எழுதுகிறவன் கணக்கை ஒத்துக்கொள், அடுத்தவன் பேரில் எழுதினால் சீட்டைக் காட்டச் சொல். கண்ணதாசனை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். குடி, கடன், போகக்கூடாத இடங்களுக்குப் போனது எல்லாவற்றையும் தன்னை ‘அவன்’ என்று தள்ளி நிறுத்தித் தன் கணக்கிலேயே எழுதினார். அரசியலில் இருந்த எத்தனை பேர் அப்படி எழுதினார்கள்? அதை முழுசாக நம்புகிறேன். பிறரைப் பற்றி எழுதியதற்கு இன்னொரு சாட்சி கிடைக்கும்வரை காத்திருக்கிறேன்.

நாத்திகத்தைப் பற்றி எனக்குக் குழப்பமே இல்லை. இந்துமதம் எழுதிய அதே கைதான் இயேசு காவியமும் எழுதியது. நம்பிக்கை திரும்பியதையும் ஊரறியத்தான் சொன்னார்.

கருணாநிதியின் சுயசரிதை ‘நெஞ்சுக்கு நீதி’ உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும். கல்லக்குடி அதிலும் வருகிறது, ‘வனவாச’த்திலும் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். காரைக்குடிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்