நயம் பாராட்டத் தெரியவில்லையா? ஒரு சொல்லை மாற்றிவைத்துப் பாருங்கள்

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். 'நயம் பாராட்டுக' என்ற வினாவுக்கு மோனை, எதுகை, அணி என்று தலைப்புப் போட்டு எழுதுகிறாள். 'எல்லாம் இருக்கிறது, நயம் எங்கே?' என்று கேட்டு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். பேச்சுப் போட்டியில் கண்ணகி வழக்குரைத்ததைப் பேசப் போகிறாள். அதையும் மனப்பாடம்தான் செய்கிறாள். நான் தமிழ் இலக்கியம் படித்தவள் இல்லை. வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: உங்கள் மகள் எழுதுவது தவறில்லை, பாதியில் நிற்கிறது. 'இப்பாடலில் மோனை வந்துள்ளது' என்றால் மோனையைக் கண்டுபிடித்தாயிற்று. அது வந்ததால் பாட்டுக்கு என்ன கிடைத்தது என்று சொல்லும்போதுதான் நயம் தொடங்குகிறது. இதற்கு நீங்கள் இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. கவிஞர் வைத்த சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சொல்லை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எது குறைந்துபோனதோ அதை எழுதச் சொல்லுங்கள். சொல்லின் வரிசைக்கும் அணிக்கும் இதே வழிதான்.

அவள் பேசப்போகும், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையையே எடுத்துக்கொள்வோம். பாண்டியன் அவையில் கண்ணகியின் பேச்சு 'தேரா மன்னா செப்புவ துடையேன்' என்று தொடங்குகிறது. தேரா என்றால் ஆராயாத. அந்த இடத்தில் 'கொடிய மன்னா' என்று வைத்துப் பாருங்கள். கோபம் அப்படியே இருக்கும், குற்றச்சாட்டு காணாமல் போய்விடும். கோவலன் கள்வன்தானா என்று விசாரிக்காமல் கொல்லச் சொன்னதுதான் பாண்டியன் செய்த பிழை; வழக்கு முழுவதும் அந்த முதல் சொல்லிலேயே இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். அவ்வளவு கோபத்திலும் அவள் 'மன்னா' என்றே அழைக்கிறாள். அந்தப் பட்டத்தைப் பறிக்கிற வேலையைப் பாண்டியனே செய்யப்போகிறான்.

அடுத்தது தொடரமைப்பு. இதைத்தான் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ இதுவே மிகவும் பிடித்த இடம். 'யாரையோ நீ' என்று அரசன் கேட்கிறான். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுகிறவர்கள் பெயர், கணவர் பெயர், ஊர் என்று தொடங்குவார்கள். கண்ணகி அந்த வரிசையை முழுக்கத் திருப்பிப் போடுகிறாள். புறாவின் துயர் தீர்த்த சோழன் முதலில் வருகிறான். பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்ச்சக்கரத்தில் இட்ட சோழன் அடுத்து வருகிறான். 'புகாரென் பதியே' என்று ஊர்ப்பெயர் அதற்குப் பிறகுதான். பின்பு குடி, கணவன் இங்கு வந்த காரணம், சிலம்பு, கொலைக்களம், கோவலன் என்று வந்து, பதினான்காம் அடியில்தான் 'கண்ணகி யென்பதென் பெயரே' என்கிறாள். கேட்ட கேள்விக்கு நேர்விடை கடைசி அடியில் இருக்கிறது. அதற்குள், நீதி தவறாத இரண்டு அரசர்களின் கதையை நீதி தவறிய அரசன் உட்கார்ந்து கேட்டாக வேண்டியிருக்கிறது. பெயரை முதல் அடிக்கு நகர்த்திப் படித்துப் பாருங்கள்; வெறும் அறிமுகமாகிவிடும்.

தன் தவறு தெரிந்ததும் பாண்டியன் சொல்வதைப் பாருங்கள்: 'யானோ அரசன் யானே கள்வன்'. வினைமுற்றே இல்லாத நான்கு சொற்கள். யானோ, யானே இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஓகாரம் 'நானா அரசன்? இல்லை' என்று மறுக்கிறது. ஏகாரம் 'நான்தான்' என்று உறுதி செய்கிறது. சற்று முன்பு 'கள்வனைக் கோறல் கடுங்கோ லன்று' என்று கோவலன்மேல் அவன் போட்ட அதே சொல் இப்போது அவன்மேல் விழுகிறது. 'நான் அரசன் அல்லன், குற்றம் செய்தவன்' என்று மாற்றினால் பொருள் கெடாது, ஆனால் அந்த அடி இல்லாமல் போகும்.

அணிக்கு நம் மதுரைக் கோட்டை வாசலிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் ஊருக்கு வரும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. 'வாரல்' என்று, அதாவது வராதீர்கள் என்று, கைகாட்டுவதுபோல ஆடின என்கிறார் இளங்கோ. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுவதால் இது தற்குறிப்பேற்ற அணி. பெயரைச் சொல்லி நிறுத்திவிடாமல் அந்த அணியை எடுத்துவிட்டுப் படிக்கட்டும். 'கொடிகள் ஆடின, இருவரும் உள்ளே போனார்கள்' என்பதில் அச்சம் ஏதும் இல்லை. அதற்கு முன்பே வையை, நேரப்போவதை அறிந்தவள்போலப் பூவாடை போர்த்துக் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள். அவர்களோ 'இது புனல்யாறு அன்று, பூம்புனல் யாறு' என்று வியந்து கடக்கிறார்கள். அகழியில் குவளையும் ஆம்பலும் தாமரையும் கண்ணீரோடு நடுங்குகின்றன. ஆறும் பூவும் கொடியும் அறிந்தது அந்த இருவருக்கு மட்டும் தெரியவில்லை. படிக்கிற நமக்குத் தெரிகிறது, தடுக்கத்தான் முடியவில்லை. இப்படி நான்கு வரி எழுதினால் எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.

மோனை, எதுகை பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஓர் இடம் காட்டி, அந்த ஓசை எந்தச் சொல்லை எந்தச் சொல்லோடு கட்டுகிறது என்று சொன்னால் போதும். ஒரே சொல் வேறு பொருளில் திரும்ப வந்து கட்டுவதற்கு 'வாயிற் கடைமணி', 'ஆவின் கடைமணி' நல்ல இடம். முதலாவது அரண்மனை வாசல் மணி, அடுத்தது பசுவின் கடைக்கண் மணி. அங்கே மணியின் நா நடுங்க, இங்கே கண்ணீர் சொரிகிறது.

இனி மேடை. கேட்கிற பேச்சையும் இதே கண்ணோடு பார்க்கப் பழக்குங்கள். ஒருவர் 'கண்மாய் தூர்ந்துபோனது' என்கிறார். இன்னொருவர் 'கண்மாயைத் தூர்த்தார்கள்' என்கிறார். மூன்றாமவர் 'கண்மாயைத் தூர்த்தோம்' என்கிறார். முதல் தொடரில் யாருக்கும் பொறுப்பில்லை. இரண்டாவதில் வேறு யாரோ. மூன்றாவதில் பேசுகிறவரும் கேட்கிறவர்களும் சேர்ந்தே நிற்கிறார்கள். தேர்தல் கூட்டம், பட்டிமன்றம், ஊர்க்கூட்டம் எதைக் கேட்டாலும் வினைமுற்று யாரைச் சுட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

உங்கள் மகள் பேசும்போது எல்லா அடியையும் உரத்துச் சொல்ல வேண்டாம். சோழர்களைச் சொல்லும் அடிகள் நிதானமாக வரட்டும். 'கோவலன் மனைவி' என்றதும் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு பெயரைச் சொல்லட்டும். 'யானோ' என்பதைக் கேள்வியாக ஏற்றி, 'யானே' என்பதை இறக்கிச் சொல்லட்டும். அந்த ஓர் எழுத்து மாறுவது கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும்.

பொருள் புரியாத அடிகளுக்கு ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரை நல்ல துணை. மதுரைக்கு வரும் நாளில் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடிப் பாருங்கள். உரையைத் திறப்பதற்கு முன் செய்யுளை அவள் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் பக்கத்திலிருந்து கேளுங்கள். எந்தச் சொல்லில் அவள் குரல் தயங்குகிறதோ அந்தச் சொல்லிலிருந்து தொடங்குங்கள்.