அத்திப்பள்ளி பங்க்கும் பத்திர ஆபீஸும்

வணக்கமுங்க.

பெருந்துறை பக்கம் கொஞ்சம் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாநில நிதிநிலை பற்றிய உங்கள் கட்டுரையில், “காசு பற்றாத அரசு வரியைக் கூட்டாமல் வேறு என்ன செய்யும்?” என்று போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். அதிலிருந்து எங்கள் டீக்கடையில் தினமும் வாக்குவாதம். என் மச்சான் சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். “வரியைக் கூட்டினா வருமானம் கொறையும் மாப்ளே, நான் தமிழ்நாட்டுல டீசல் போட்டு எத்தனை நாளாச்சு?” என்கிறார். பத்திரம் எழுதுகிற அண்ணன் ஒருத்தர், “2017-ல பீஸைக் கூட்டுனாங்க, பத்திரச் செலவு கொறைஞ்சுது. 2023-ல கொறைச்சாங்க, செலவு ஏறிப்போச்சு” என்று குழப்பிவிட்டார். காலேஜ் படிக்கிற பையன் செல்போனில் ஒரு வளைகோட்டைக் காட்டி, ‘ஒரு அளவுக்கு மேல் போனால் வரவு இறங்கும், அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள்’ என்கிறான். எது சரிங்க? கணக்குப் போட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பெருந்துறை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மச்சான் சொல்வது அவருடைய லாரிக்குச் சரி. மாநிலக் கஜானாவுக்கு அது பொருந்தாது. ஏன் என்பதை அவருடைய டீசல் டேங்கிலிருந்தே பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் டீசலுக்கு வாட் வரி 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. 2020 மே மாதத்தில் வந்த அமைப்பு இது. அதற்கு முன் வெறும் சதவீதமாக, 25 என்று இருந்தது. சென்னையில் லிட்டர் 92 ரூபாய்ச் சில்லறை விற்கும்போது மாநிலத்துக்குப் போவது ஏறக்குறைய 17 ரூபாய் 50 காசு. இதில் இன்னும் 1 ரூபாய் ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு வரி 18.50 ஆகிறது. பழைய வரவுக்குக் கீழே போக வேண்டுமானால் விற்பனை எவ்வளவு குறைய வேண்டும்? ஏற்றிய 1 ரூபாயைப் புதிய வரியான 18.50 ஆல் வகுத்தால் 5.4 சதவீதம் வரும். விலை ஏறியதோ 1 சதவீதம்தான். 1 சதவீத விலையேற்றத்துக்கு ஊரே டீசலை 5.4 சதவீதம் குறைக்குமா? பால் வண்டி நிற்காது, மில் பஸ் நிற்காது, நாமக்கல் முட்டை வண்டி நிற்காது. கணக்கில் வரவு ஏறத்தான் செய்யும்.

எந்த வரிக்கும் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்: கூட்டியதைப் புதிய வரியால் வகுக்க வேண்டும். வருகிற சதவீதத்துக்கு மேல் விற்பனை விழுந்தால் அரசுக்கு நஷ்டம், அதற்குள் நின்றால் லாபம். குறைக்கும்போதும் இதே வகுத்தல்தான். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அப்போது லிட்டருக்கு மாநில வரி சுமார் 24 ரூபாய், குறைத்தபின் 21. மூன்றை 21 ஆல் வகுத்தால் 14 சதவீதம். விலை 3 சதவீதம் இறங்கியதற்காக விற்பனை 14 சதவீதம் ஏறினால்தான் கட்டுப்படியாகும். அதனால்தான் குறைத்த அன்றைக்கே ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று பட்ஜெட்டிலேயே சொன்னார்கள்.

இனி உங்கள் மச்சானின் பக்கம். பன்னிரண்டு சக்கர லாரிக்கு டேங்க் 350 லிட்டர் என்றால், லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் வைத்தாலும் 1,400 கிலோமீட்டர் ஓடும். ஓசூர் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் இருக்கிற அத்திப்பள்ளியில் டேங்கை ரொப்பினால் சங்ககிரிக்கு வந்து, தூத்துக்குடி போய்த் திரும்பி, மறுபடி எல்லைக்குப் போகிறவரை இங்கே ஒரு சொட்டு வாங்க வேண்டியதில்லை. 2024 ஜூனுக்கு முன் பெங்களூரு விலை சென்னையைவிட 6 ரூபாய்க்கு மேல் குறைவு. ஒரு டேங்குக்கு அவருக்கு மிச்சம் 2,100 ரூபாய். தமிழ்நாட்டுக்குப் போனது அந்த 2,100 அல்ல, 350 லிட்டருக்கான முழு வரி, கிட்டத்தட்ட 6,100 ரூபாய். எல்லை தாண்டுகிற வியாபாரத்தில் வலிக்கிற இடம் இதுதான். ஆறு ரூபாய் வித்தியாசத்துக்காகப் பதினேழரை ரூபாயும் கை நழுவுகிறது.

அதற்குப் பின் கர்நாடகம் என்ன செய்தது? 2024 ஜூனில் டீசல் வரியை 14.34 சதவீதத்திலிருந்து 18.44 ஆக்கியது. 2025 ஏப்ரலில் 21.17. அவ்வளவு ஏற்றியும் அங்கே விலை நம்மைவிடக் கொஞ்சம் கீழேதான் நின்றது. நம் விலை மேலே இருந்ததால் அவர்களுக்கு ஏற்ற இடம் கிடைத்தது. இந்தப் பக்கம் கேரள எல்லையான வாளையாறைப் பாருங்கள். கேரளம் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது, ஏற்கெனவே அங்கே விலை கூடுதல். அதனால் பாலக்காடு போகிற வண்டி க.க.சாவடிக்கு முன்பே டேங்கை ரொப்பிக்கொண்டு போகிறது. அந்த வரி நமக்கு. ஒரே மாநிலம், ஒரே வரி. ஒரு எல்லையில் இழக்கிறது, இன்னொரு எல்லையில் சம்பாதிக்கிறது.

ஆக, வரி எவ்வளவு என்பதோடு, வரி போடப்பட்ட பொருளுக்குக் கால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லாரிக்குக் கால் உண்டு, நடுவில் இருக்கிற காங்கேயம் டிராக்டருக்குக் கிடையாது. ஆம்னி பேருந்துக்கு ரொம்ப நீளமான கால். நாகாலாந்திலும் அருணாசலத்திலும் பதிவு செய்துவிட்டுக் கோயம்புத்தூர்–சென்னை ஓட்டினார்கள். அப்படி 500-க்கு மேல் வண்டிகள் இருந்ததால், இங்கே மறுபதிவு செய்யாமல் ஓடக்கூடாது என்று 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை கையை ஓங்க வேண்டியதாயிற்று. 2023 நவம்பரில் காருக்கான ஆயுள் வரியை ஏற்றினார்கள். 10 லட்சத்துக்கு மேல் 15 சதவீதமாக இருந்தது 18 ஆனது, 20 லட்சத்துக்கு மேல் 20. அது வரவைக் கூட்டவே செய்யும், ஏனென்றால் வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைச் செக் பண்ண ஆள் இருக்கிறவரைக்கும்.

நிலத்துக்குக் கால் இல்லை. ஆனால் அதன் மதிப்புக்கு இருக்கிறது. உங்கள் பத்திர எழுத்தர் அண்ணன் சொன்னது முழுக்க உண்மை, குழப்பம் அவருடையது அல்ல. ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். கைடுலைன் வேல்யூ, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கிற மதிப்பு, 10 லட்சம். சந்தையில் 25 லட்சம் போகும்.

2017 ஜூனுக்கு முன் முத்திரைத் தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 8 சதவீதம். செலவு 80,000. 2017 ஜூன் 9 அன்று பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள், மொத்தம் 11. அதே நாளில் கைடுலைனை 33 சதவீதம் வெட்டினார்கள். 6.7 லட்சத்துக்கு 11 சதவீதம் 73,700. விகிதம் ஏறியது, ஒரு பத்திரத்துக்கான வரவு இறங்கியது. 2023 ஏப்ரலில் கைடுலைனைப் பழைய 10 லட்சத்துக்கே கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். மொத்தம் 9, செலவு 90,000. (அந்த 2023 ஏற்பாடு முறைப்படி செய்யப்படவில்லை என்று உயர்நீதிமன்றம் ரத்து செய்து, 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் வந்தது தனிக் கதை.) விகிதத்தை மட்டும் பார்க்கிறவர் ‘ஏற்றினார்கள், குறைந்தது, குறைத்தார்கள், கூடியது’ என்று சத்தியம் பண்ணுவார். உண்மையில் இரண்டு முறையும் நகர்ந்தது அடித்தளம், அதாவது கைடுலைன் மதிப்பு. அந்த 9-லும் 2 சதவீதம் மாற்று வரி, அது உள்ளாட்சிக்குப் போகிறது. அரசு வரவு என்று கணக்குப் போடும்போது இதையும் கழிக்க வேண்டும்.

பத்திரச் செலவு கடுமையாக ஏறினால் என்ன நடக்கும்? நிலம் ஓடாது, பத்திரம் ஓடும். கிரயம் செய்யாமல் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கி, அந்தப் பவரிலேயே அடுத்தவருக்குக் கைமாற்றுவார்கள். இடையில் நடந்த விற்பனைக்கு அரசுக்கு ஒன்றும் வராது. பவர் மூலம் விற்பது உரிமையை மாற்றாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு அடைப்பு. 2023 ஜூலையில், குடும்பத்துக்கு வெளியே கொடுக்கும் விற்பனைப் பவருக்கு 10,000 ரூபாய் என்று இருந்த கட்டணத்தைச் சொத்து மதிப்பில் 1 சதவீதமாக மாற்றியது இன்னொன்று. விகிதத்தை உயர்த்துகிறவர்கள் ஓட்டையை அடைத்த பிறகு உயர்த்த வேண்டும். முதலில் உயர்த்திவிட்டுப் பின்னால் ஓட்டையைத் தேடினால் நடுவில் போன பத்திரங்கள் போனவைதான்.

உங்கள் தறிக்கு வருகிறேன். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்குப் பின் துணிக்கோ நூலுக்கோ தமிழ்நாடு தனியாக ஒரு காசு ஏற்றவோ இறக்கவோ முடியாது. விகிதத்தை முடிவு செய்கிற ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களும் சேர்ந்து மீதி, முடிவுக்கு நாலில் மூன்று பங்கு வேண்டும். 2022 ஜனவரியில் ஜவுளிக்கு 5-ஐ 12 ஆக்குவதாக இருந்ததை முந்தின நாள் கூடித் தள்ளிவைத்ததும் அந்தக் கவுன்சில்தான். ஏற்றியிருந்தாலும் திருப்பூர் பனியன் மும்பையில் விற்றால் மாநிலப் பங்கு மகாராஷ்டிரத்துக்கு. நெய்கிற ஊருக்குப் பேர், உடுத்துகிற ஊருக்கு வரி.

ஜிஎஸ்டியில் விகிதம் ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் கோவை வெட் கிரைண்டர் போதும். 28 சதவீதத்தில் தொடங்கி, 2017 நவம்பரில் 12, 2019-ல் 5, 2022 ஜூலையில் 18. வரிக்கு முன் 5,000 ரூபாய் விலை, மோட்டார், டிரம், ஸ்டீல் என்று தயாரிப்பவர் 3,500 ரூபாய்க்கு 18 சதவீத வரியில் சரக்கு வாங்கினார் என்று வைப்போம். சரக்கில் கட்டியது 630. வரி 5 சதவீதமாக இருந்தபோது விற்பனையில் வசூலித்தது 250. மீதி 380-ஐ அரசு அவருக்கு ரீஃபண்டாகத் திருப்பித் தர வேண்டும், அது வருகிறவரை வட்டி அவர் தலையில். அரசுக்கு மொத்தத்தில் மிஞ்சுவது 250. 18 ஆனதும் 900 ரூபாய் வரி, அதில் 630 கழிந்து அவர் ரொக்கமாகக் கட்டுவது 270. அரசுக்கு மொத்தம் 900.

நம் வகுத்தலைப் போடுங்கள். கூட்டியது 650, புதிய வரி 900, 72 சதவீதம். நூறு கிரைண்டருக்குப் பில் போட்ட இடத்தில் 28-க்குப் போட்டாலே பழைய வரவு வந்துவிடும். இதைப் பார்த்துத்தான் தில்லியில் தைரியமாக ஏற்றுகிறார்கள். ஆனால் வாங்குகிறவருக்கு 5,250 ஆக இருந்தது 5,900 ஆகிறது. ‘பில் வேண்டாம்ணா, கொறைச்சுக் குடுங்க’ என்று ஆரம்பிக்கும். பில் இல்லாமல் விற்பவர் மோட்டாரையும் பில் இல்லாமல்தான் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சரக்கில் கட்டிய 630 ரூபாயைக் கழித்துக்கொள்ள முடியாமல் வீணாகும். மோட்டார்க்காரர் காப்பர் கம்பியைப் பில் இல்லாமல் தேடுவார். ஒரு கிரைண்டரில் தொடங்கிய கசிவு பின்னோக்கி மூன்று பட்டறைக்குப் போகும். இந்தப் பின்னோக்கிய இழப்பு நம் வகுத்தலில் வராது. வகுத்தலின் குறையையும் சொல்லிவிட வேண்டுமல்லவா.

அந்தக் கல்லூரித் தம்பியின் வளைகோடு 1974-ல் பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபர் வாஷிங்டன் உணவகத்தில் கை துடைக்கும் துணியில் வரைந்ததாகச் சொல்லப்படுவது. பூஜ்ய விகிதத்தில் வரவு இல்லை, நூறு விகிதத்திலும் இருக்காது, நடுவில் எங்கோ உச்சம். அதில் தகராறு இல்லை. உச்சம் எங்கே என்பதைத்தான் கோடு சொல்லாது. ‘அமெரிக்காவில் நிரூபித்தார்கள்’ என்றால் கான்சஸ் மாநிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2012-ல் வருமான வரியில் மேல் விகிதத்தை 6.45-லிருந்து 4.9 ஆக்கி, தனிநபர் பெயரில் கணக்குக் காட்டும் தொழில் லாபத்துக்கு வரியே வேண்டாம் என்றார்கள். வரவு உயரவில்லை, பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தது. 2017-ல் ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றம் அதைத் திரும்பப் பெற்றது. எதிர்ப்பக்கத்துக்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011-ல் பொது வாட் 12.5-லிருந்து 14.5, 2017 மார்ச்சில் பெட்ரோல் 27-லிருந்து 34 ஆயின. ஆனால் மாநிலப் பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்ட சொந்த வரி வரவு 2006-07-ல் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2020-21-ல் 6-க்கும் கீழே போனது. 2021 வெள்ளை அறிக்கை புலம்பியது இதைத்தான். விகிதம் ஏறுகிற வேகத்தைவிட வரிக்குள் சிக்காத பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது.

கடைசியாக, டீக்கடையில் மறுபடி பேச்சு வந்தால் எதைப் பார்ப்பது? இந்தியத் தணிக்கைத் துறை ஒவ்வொரு மாநிலத்தின் மாதாந்திரக் கணக்கையும் இணையத்தில் போடுகிறது. மாநில ஜிஎஸ்டி, முத்திரை மற்றும் பதிவு, விற்பனை வரி, ஆயத்தீர்வை என்று தனித்தனித் தலைப்பு. விற்பனை வரித் தலைப்பில் டீசலும் டாஸ்மாக் சரக்கும் கலந்தே கிடக்கும், அதை வைத்து டீசல் பற்றி முடிவு சொல்லாதீர்கள். டீசலுக்கு ரூபாயை விட்டுவிட்டு லிட்டரைப் பாருங்கள். கச்சா எண்ணெய் ஏறினால் 11 சதவீதப் பகுதி தானாக வீங்கும், 9.62 அசையாது. பத்திரத்துக்கு, கட்டணம் ஏறும் தேதிக்கு முந்தின வாரம் ஆபீஸில் டோக்கன் கிடைக்காத கூட்டம் இருக்கும், மறுவாரம் ஈ ஓட்டுவார்கள். அந்த இரண்டு மாதத்தையும் ஒப்பிட்டு ‘வருமானம் விழுந்துவிட்டது’ என்கிறவரிடம், போன வருஷம் இதே மாதத்தின் பத்திர எண்ணிக்கையைக் கேளுங்கள். மச்சானிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அத்திப்பள்ளியில் வித்தியாசம் ஒன்றரை ரூபாய்க்கு இறங்கிய பிறகும் டேங்கை அங்கேதான் ரொப்புகிறாரா என்று.

அன்புடன்.