பிரைம் டைம் பெண்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க நெட்வொர்க் தொடர்களில் பெண்களைக் காட்டும் விதம் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகள் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தேன். அங்கே எல்லாரும் நெட்ஃபிளிக்ஸ்தான் பார்க்கிறார்கள். நீங்கள் இன்னும் ஏபிசி, சிபிஎஸ் என்று எழுதுகிறீர்களே? – வாசகர், மதுரை

எழுபது வருடத்துக்கு மேல் அறுபடாமல் வரும் தொடர்களின் வரிசை அங்கேதான் கிடைக்கிறது. ஆன்டெனா வைத்தால் காசில்லாமல் வருவது நெட்வொர்க்: ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் என நான்கு. பிரைம் டைம் என்பது கிழக்குக் கடற்கரை நேரப்படி இரவு 8 முதல் 11 வரை. ஞாயிறன்று 7 மணிக்கே தொடங்கும். ஃபாக்ஸ் மட்டும் 10 மணிக்குக் கடையைக் கட்டிவிடும். விளம்பரம் போக, அரை மணி சிட்காமில் (நகைச்சுவைத் தொடர்) 21, 22 நிமிடமும் ஒரு மணி டிராமாவில் 42, 43 நிமிடமும்தான் கதை.

காசு விளம்பரதாரர் தருவது. நிகழ்ச்சியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உள்ளூர் நிலையங்கள். இவர்களோடு, ஸ்கிரிப்டைப் படித்து வெட்டச் சொல்லும் நெட்வொர்க் அலுவலகமும் சேர்ந்தால் மூன்று வாசல். ஒரு பெண் கேரக்டர் இந்த மூன்றையும் தாண்டித்தான் திரைக்கு வர வேண்டும்.

‘கர்ப்பம்’ என்ற சொல்லையே ஒரு காலத்தில் சொல்லக் கூடாது என்றார்களாமே? – வாசகி, தஞ்சாவூர்

உண்மைதான். ‘ஐ லவ் லூசி’ சிபிஎஸ்ஸில் 1951 அக்டோபரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே நாயகி லூசில் பால் நிஜத்தில் கர்ப்பமானார். மேசைக்குப் பின்னால் நிற்க வைத்து வயிற்றை மறைக்கலாம் என்பது ஒரு யோசனை. அதை ஏற்காமல் கதையிலேயே கர்ப்பத்தைச் சேர்த்தார்கள், ஆனால் ‘பிரெக்னன்ட்’ என்ற சொல் வரக் கூடாது என்பது நிபந்தனை. வசனத்தில் ‘எக்ஸ்பெக்டிங்’ என்றார்கள், எபிசோடின் தலைப்பில் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத குரு மூவரும் ஸ்கிரிப்டைப் படித்துச் சம்மதம் சொன்னார்கள். நம் பாட்டிமார் ‘முழுகாம இருக்கா’ என்று சொன்ன அதே கூச்சந்தான். இங்கே அதைச் சொல்ல மூன்று மதகுருமார் தேவைப்படவில்லை.

குழந்தை பிறக்கும் எபிசோட் 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் சுமார் 4.4 கோடி. மறுநாள் நடந்த ஐசன்ஹோவர் பதவியேற்பை அத்தனை பேர் பார்க்கவில்லை.

உள்ளூர் நிலையம் என்ற வாசலைப் பார்க்க 1972 நவம்பருக்கு வர வேண்டும். ‘மோட்’ தொடரில் 47 வயது நாயகி கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கிறாள். கதை நடக்கும் நியூயார்க் மாநிலத்தில் அது 1970 முதலே சட்டப்படி சரி, நாடு முழுவதும் அதை அனுமதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எழுதியவர் சூசன் ஹாரிஸ். சிபிஎஸ் ஒளிபரப்பியது, ஆனால் இல்லினாய் மாநிலத்தில் சில நிலையங்கள் போட மறுத்தன. அடுத்த கோடையில் மறுஒளிபரப்பின்போது மறுத்த நிலையங்கள் இன்னும் பல.

மேரி டைலர் மூர் தொடரைத்தான் எல்லாரும் முதல் ‘சுதந்திரப் பெண்’ என்கிறார்கள். அவ்வளவு பெரிய விஷயமா? – வாசகி, சென்னை

விஷயம்தான், ஆனால் பேரம் பேசி வாங்கிய விஷயம். 1970-ல் எழுத்தாளர்கள் கேட்டது விவாகரத்தான பெண். சிபிஎஸ் மறுத்தது. முந்தைய தொடரில் டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்தவர் மேரி, அவரைத்தான் விவாகரத்து செய்துவிட்டார் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்றொரு பயம்! கடைசியில் நிச்சயதார்த்தம் முறிந்த 30 வயதுப் பெண்ணாக மாற்றினார்கள். மினியாபொலிஸில் ஒரு செய்தி நிலையத்தில் அவளுக்கு வேலை. தனக்கு முன் அதே நாற்காலியில் இருந்த ஆணுக்கு வாரம் 50 டாலர் கூடுதல் சம்பளம் என்று 1972-ல் வந்த எபிசோடில் கண்டுபிடிக்கிறாள். அவனுக்குக் குடும்பம் இருந்தது என்பது முதலாளியின் பதில். எங்கள் கணக்கில், அவள் கல்யாணமாகாதவள் என்பதைவிட இந்த 50 டாலர் காட்சிதான் பெரிய அடி.

பத்து வருடம் கழித்து ‘கேக்னி அண்ட் லேசி’ வந்தது, இரண்டு பெண் போலீஸ்காரர்களின் கதை. 1982 மார்ச்சில் ஓடிய முதல் சில எபிசோடுகளில் கேக்னியாக நடித்தவர் மெக் ஃபாஸ்டர். இருவரும் மிகக் கரடுமுரடாக இருக்கிறார்கள், பெண்ணுரிமைக்காரிகள் மாதிரி தெரிகிறார்கள் என்று சிபிஎஸ் தரப்பில் முகம் சுளித்தார்கள். அக்டோபரில் அந்த இடத்துக்கு ஷாரன் கிளெஸ் வந்தார். 1983-ல் தொடரை நிறுத்தியபோது ரசிகர்களின் கடிதங்கள் குவிந்தன, 1984-ல் திரும்ப வந்தது. 1983 முதல் 1988 வரை டிராமா நாயகிக்கான எம்மி விருது ஆறு முறையும் இந்த இருவரைத் தாண்டிப் போகவில்லை: லேசியாக நடித்த டைன் டேலிக்கு நான்கு, கிளெஸ்ஸுக்கு இரண்டு.

ஊடகவியல் முதுகலை ப்ராஜெக்டுக்காக ஒரு சீசனின் பெண் கேரக்டர்களை எண்ணப் போகிறேன். எங்கே தொடங்குவது? – மாணவி, கோவை

முதலில் பட்டியல். நான்கு நெட்வொர்க்குகளின் கதைத்தொடர்களை மட்டும் எடுங்கள். செய்தி, ரியாலிட்டி, விளையாட்டு வேண்டாம். ஒவ்வொரு தொடரிலும் ஒரு எபிசோடைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பிடித்த எபிசோடை எடுத்தால் ஆய்வு அங்கேயே கெட்டது. நவம்பர், பிப்ரவரி, மே, ஜூலை மாதங்கள் ‘ஸ்வீப்ஸ்’, ரேட்டிங் கணக்கெடுக்கும் காலம். கல்யாணம், பிரசவம், விருந்தினர் நட்சத்திரம் எல்லாவற்றையும் அப்போது அடுக்குவார்கள். அந்த மாத எபிசோட் சீட்டில் வந்தால் தாளில் குறித்துவையுங்கள்.

அடுத்து, யாரை எண்ணுவது? ஒரு சொல்லாவது பேசினால் ‘பேசும் கேரக்டர்’. ஒன்றுக்கு மேற்பட்ட காட்சியில் வந்து, எடுத்துவிட்டால் கதை நகராது என்றால் ‘முக்கியக் கேரக்டர்’. இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். சேர்த்து எண்ணினால், மருத்துவமனைத் தொடரில் “டாக்டர், சீக்கிரம்!” என்று ஓடும் நர்ஸ்களே சதவீதத்தை ஏற்றிவிடுவார்கள்.

கட்டங்கள் ஏழு போதும்: பாலினம், வயது (பத்தாண்டுக் கணக்கில்), திருமண நிலை தெரிகிறதா, தொழில் தெரிகிறதா, தொழில் செய்வதைக் காட்டுகிறார்களா, பேச்சு பெரும்பாலும் எதைப் பற்றி, மொத்தம் எத்தனை சொல் பேசினார். தொழிலுக்கு இரண்டு கட்டம் ஏன் என்றால், ஏமாற்று நடப்பதே அங்கேதான். வசனத்தில் அவள் வக்கீல், காட்சியில் சமையலறையில் காபி கையுமாக நிற்பாள். ஒரே கட்டம் வைத்தால் அவள் ‘பணிபுரியும் பெண்’ணாகிவிடுவாள்.

சொற்களை எண்ண சப்டைட்டில் கோப்பு உதவும். ஆனால் ஒரே துண்டில் இருவர் பேச்சு கலந்து வரும், பேசுபவர் பெயரும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே முதல் முறை பார்க்கும்போது கேரக்டர் பட்டியல், இரண்டாம் முறை சப்டைட்டிலில் பெயர் போடும் வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளாகச் செய்யாதீர்கள். இன்னொருவரும் அதே எபிசோடுகளைத் தனியாகப் பார்த்து நிரப்ப வேண்டும். நூறு கேரக்டர்களுக்கு ‘வேலை செய்வதைக் காட்டினார்களா’ கட்டத்தை நிரப்பினீர்கள், இருவரும் தலா 60 பேருக்கு ‘ஆம்’ போட்டீர்கள், 80 பேர் விஷயத்தில் ஒத்துப்போனீர்கள் என்று வையுங்கள். 80 சதவீதம் என்று துள்ள வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டிருந்தாலும் 0.6×0.6 + 0.4×0.4, அதாவது 0.52 ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துப் பார்ப்பதுதான் கோஹன் கப்பா: (0.80 – 0.52) ÷ (1 – 0.52) = 0.58. இது போதாது. 0.7-க்கு மேல் வரவேண்டும், 0.8 வந்தால் நிம்மதி. குறைந்தால் கேரக்டர்களைக் குறை சொல்லாமல் உங்கள் விதியைத் திருத்துங்கள். போன் பேசுவது வேலையா, வீட்டில் ஃபைல் பார்ப்பது வேலையா என்பதில்தான் பெரும்பாலும் சிக்கும்.

ஒப்பிட எண்கள் வேண்டுமே? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கெர்ப்னர் குழு 1970-களில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய மூன்று ஆண் என்று கண்டது. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்த்தா லாசன் கணக்குப்படி 2013–14 சீசனில் நெட்வொர்க் தொடர்களில் பேசும் கேரக்டர்களில் பெண்கள் 42 சதவீதம். அதே அறிக்கையில் திரைக்குப் பின்னால், அதாவது உருவாக்குநர், எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர் முதலானோரில் பெண்கள் 27 சதவீதம். 1997–98-ல் அது 21. பதினாறு வருடத்தில் ஆறு புள்ளி. பெண் கேரக்டர்கள் ஆண்களைவிட இளையவர்களாகவே இருப்பதையும் அவர் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். விளம்பரதாரர் கணக்கில் 18 முதல் 49 வயதுதான் காசு என்பதை நினைத்தால் வியப்பில்லை.

பெக்டெல் சோதனை போட்டால் போதாதா? – வாசகர், திருச்சி

போதாது. பெயருள்ள இரு பெண்கள், ஆணைப் பற்றி அல்லாத எதையாவது பேசிக்கொள்ள வேண்டும் என்பது இன்று புழங்கும் விதி. 1985-ல் அலிசன் பெக்டெலின் சித்திரக் கதையில் ஒரு நையாண்டியாக வந்தது, அதுவும் சினிமாவைப் பற்றி. பெயர் வேண்டும் என்பது பிறகு ஒட்டிக்கொண்டது. தொடரில் இரண்டு நாயகிகள் ஒரு நிமிடம் லிப்ஸ்டிக் பற்றிப் பேசினாலும் பாஸ்.

நம் தமிழ்ப் பெண்கள் அந்த நேரத்தில் எங்காவது வருகிறார்களா? – வாசகி, யாழ்ப்பாணம்

வந்தது முதலில் இந்திய வம்சாவளிப் பெண்கள்: 2003-ல் ‘ஈஆர்’ தொடரில் பார்மிந்தர் நாக்ராவின் டாக்டர், ‘தி குட் ஒய்ஃப்’ தொடரில் ஆர்ச்சி பஞ்சாபியின் துப்பறிவாளர். பஞ்சாபிக்கு 2010-ல் எம்மி. தமிழ்த் தொடர்பு மிண்டி கேலிங். இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், அப்பா தமிழர், அம்மா வங்காளி. என்பிசியின் ‘தி ஆஃபீஸ்’ தொடங்கியபோது எழுத்தாளர் அறையில் எட்டுப் பேரில் அவர் ஒருவரே பெண். 2012-ல் ஃபாக்ஸில் தன் சொந்தத் தொடரில் மகப்பேறு மருத்துவராக நடித்தார். அங்கே அவர் கேரக்டரின் பெயர் லாஹிரி, வங்காளப் பெயர். அவர் உருவாக்கிய தொடர்களில் தமிழ்க் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீடு வந்தது 2020-ல் நெட்ஃபிளிக்ஸில்தான், ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில். நாயகி மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாத் தமிழர்.

உங்கள் கட்டங்களை நம் சீரியல்களுக்கும் போடலாமா? – வாசகர், சேலம்

போடலாம், மூன்று திருத்தத்தோடு. அங்கே வாரம் ஒரு எபிசோட், இங்கே நாள்தோறும் அரை மணி. ஒரு பந்தி பரிமாறலே மூன்று நாள் ஓடும். எனவே ஒரு எபிசோட் போதாது, தொடர்ந்து இரண்டு வாரம் எடுங்கள். இரண்டாவது, முன்கதை மறுபடி ஓடும் பகுதியையும் ஃபிளாஷ்பேக்கையும் சொல் கணக்கில் சேர்க்காதீர்கள், ஒரே வசனம் நாலு முறை ஏறிவிடும். மூன்றாவது, தலை எண்ணிப் பயனில்லை, நம் சீரியல்களில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். ‘இந்தக் காட்சியில் முடிவெடுத்தது யார்’, ‘பணமோ சாவியோ யார் கையில்’ என்று இரண்டு கட்டம் கூட்டுங்கள். மாமியார் முடிவெடுத்துவிட்டு மகன் பெயரில் அறிவிக்கும் காட்சிகள் வரும். அதற்குத் தனிக் குறியீடு வைத்துக்கொள்ளாவிட்டால் கப்பா 0.5-ஐத் தாண்டுவது கஷ்டம்.